ரிக்கோத்தி வழியில் மூன்று வரைவுகள்

குத்தாய்சியிலிருந்து ஏழரைக்குக் கிளம்பும் வேன்.
ஜன்னலோர இருக்கை எனக்கு; முழங்காலுக்கு முன்னால்
யாருடையதோ ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி.
பத்ரியின் குறுஞ்செய்தி:
“பத்து மணிக்குள் எல்குஜாவுக்குக் கடிதம் போயிருக்க வேண்டும்.
நிறுவன முகவரியிலிருந்து. போனில் பேசாதே.”

நிறுவன மின்னஞ்சலுக்குச் செயலி கிடையாது.
பாதுகாப்பு என்றார்கள்.
உலாவியில் திறந்தால்
மேசைக் கணினியின் அளவுக்குத் தைத்த சட்டை
என் உள்ளங்கைக்குள் கசங்கிக் கிடக்கிறது.
இரு விரலால் அகட்டினால் எழுத்து தெரியும், பொத்தான் ஓடிவிடும்.
பொத்தானைத் துரத்திப் பிடித்தால் எழுத்தெல்லாம் எறும்பு.
‘அனுப்பு’வும் ‘அழி’யும் ஒட்டிப் பிறந்தவை;
என் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து மூடும் அகலம்.

எழுதினேன்:
மதிப்பிற்குரிய திரு எல்குஜா அவர்களுக்கு,
நமது நீர் ஆலையின் மறுசீரமைப்பை முன்னிட்டு
புட்டி கழுவும் பிரிவில் தங்கள் பணியிடம்
இம்மாத இறுதியோடு நீக்கப்படுகிறது என்பதை
ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் சுரங்கம்.
விளக்குகள் மஞ்சள் மஞ்சளாய் முகத்தில் அடித்துப் போயின.
வட்டம் சுற்றியது. சுற்றியது.
வெளிச்சத்துக்கு வந்ததும்
வெள்ளைப் பக்கம் பணிவாகக் கேட்டது:
நீங்கள் யார்?

கடவுச்சொல். பன்னிரண்டு எழுத்து, அதில் ஒரு குறி.
வேன் வளைவில் சாய, குறி மட்டும் வேறாய் விழுந்தது.
நான் நானேதான் என்று
மூன்றாம் முயற்சியில் நிரூபித்தேன்.
கடிதம் இல்லை.

மறுபடி முதலிலிருந்து.
‘மதிப்பிற்குரிய’ நீளம், விட்டேன்.
‘மறுசீரமைப்பு’க்கு விரல் வலித்தது.
ஆலை ஆட்களைக் குறைக்கிறது. உங்கள் பெயரும் இருக்கிறது.
வருந்துகிறோம்.

எல்குஜா மின்னஞ்சல் திறந்து நான் பார்த்ததில்லை.
அவருக்கு முகவரி போட்டுக்கொடுத்ததே நான்தான்.
கடவுச்சொல்லை ஷிப்ட் பதிவேட்டின் அட்டையில்
சிவப்புப் பேனாவால் எழுதிவைத்திருக்கிறார்,
யாருக்காவது தேவைப்படும் என்று.

இரண்டாம் சுரங்கம், அதன் வாலிலேயே மூன்றாவது.
பக்கத்து இருக்கைக்காரர் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்தார்.
நீங்கள் யார்?

எல்குஜா, ஒரு கெட்ட செய்தி.
எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வருந்துகிறேன்.

எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன்.
‘றோம்’ எங்கே போயிற்று?
சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிக்கொண்டதோ,
பத்ரியையும் கணக்குப் பிரிவையும்
நான் பார்த்தேயிராத பங்குதாரர்களையும் கூட்டிக்கொண்டு?
திருத்தப் போனேன். கர்சர் அந்தச் சொல்லுக்குள் நுழையவே மறுத்தது.
முன்னால் போய் நிற்கும்,
இல்லையென்றால் அடுத்த வரிக்குப் பாயும்.
அதற்குள் இன்னொரு சுரங்கம்.

சுராமியில் வண்டி நின்றது.
சாலையோர அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த நாசுக்கி ரொட்டி,
லவங்கப்பட்டை மணம்.
ஓட்டுநர் நாலு வாங்கினார். நானும் ஒன்று.
இங்கே சிக்னல் முழுதாக இருந்தது.
பக்கம் திறந்தது. இடது ஓரத்தில் ‘வரைவுகள்’,
அதன் அருகே சின்னதாய் 3.

அடப்பாவி,
எதையுமே நீ தொலைக்கவில்லையா?

மேலிருந்து கீழாக
குளிர் கூடிக்கொண்டே போகும் மூன்று கடிதங்கள்.
பத்ரிக்கு வேண்டியது அடியில் இருப்பது.
மணி ஒன்பது நாற்பது.
தொட்டேன். கண்ணாடிக்கு உறைக்கவில்லை,
விரலெல்லாம் ரொட்டியின் பிசுக்கு.
ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு மறுபடி கொண்டுபோனேன்.
கொண்டுபோன விரல் அந்தப் பக்கத்தை மூடியது.

மூன்றாவது மணியில் எடுத்தார்.
பின்னால் குழாயில் நீர் விழும் ஓசை;
இரவு ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“நெஸ்டானா? அந்த இரண்டாம் பம்ப் விஷயம்தானே?
விடியற்காலையே சரிபண்ணிவிட்டேன், ஓடுகிறது.
பத்ரியிடம் நீயே சொல்லிவிடு.
எனக்கு அந்த மெயிலெல்லாம் வராது.”